கில்லன் பாரே நோயிலிருந்து தேறிவரும் நிலையில் பிள்ளைகளுடன் தீம் பார்க் செல்லலாமா?

மஞ்சக்குப்பத்தார் (கடலூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்து நின்ற சில நாட்களுக்குள் பாதங்களில் மரமரப்பு தொடங்கியது. கால்கள் இரண்டும் வலுவிழந்து அது கைகளுக்கும் ஏறியபோது, நரம்புகளைத் தாக்கும் கில்லன் பாரே நோய் என்று கண்டறிந்து ஐந்து நாட்கள் இம்யூனோகுளோபுலின் மருந்தைச் செலுத்தினார்கள். நல்லவேளையாக வென்டிலேட்டர் வரை போகவில்லை. இப்போது வீட்டுக்குள் துணையின்றி நடக்கிறேன். வெளியே செல்ல இடக்காலுக்கு, கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப்பிடிக்கும் ஏ.எஃப்.ஓ. ஸ்பிளிண்ட்டும் கையில் ஊன்றுகோலும் தேவைப்படுகின்றன. இடது பாதத்தை முழுதாக மேலே தூக்க வரவில்லை. உள்ளங்கால்களில் சூடும் குளிர்ச்சியும் சரியாகத் தெரிவதில்லை.

மகன் எட்டாம் வகுப்பிலும் மகள் ஐந்தாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். மே மாத விடுமுறையில் முட்டுக்காடு எம்.ஜி.எம்.முக்கோ திருப்போரூர் பக்கம் வந்துள்ள வொண்டர்லாவுக்கோ போக வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. நான் வராவிட்டால் தாங்களும் போகப்போவதில்லை என்று இருவரும் சொல்லிவிட்டதால், எனக்கு இது தட்டிக்கழிக்கக்கூடிய செய்தியாக இல்லை. காலையில் காரில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம் என்பது மைத்துனரின் திட்டம். நான் எந்த ராட்டினத்திலாவது ஏறலாமா, தண்ணீர் விளையாட்டில் இறங்கலாமா, ஆட்டமும் குலுக்கலும் நோயைத் திரும்பக் கொண்டுவந்துவிடுமா என்பவை என் ஐயங்கள்.

இன்னொன்றையும் கூச்சத்தை விட்டுக் கேட்டுவிடுகிறேன். சக்கர நாற்காலி எடுத்து வரட்டுமா என்று மைத்துனர் கேட்கிறார். நடக்கத் தெரிந்த ஒருவன் நாற்காலியில் தள்ளப்பட்டு வந்து, ராட்டினத்தின் அருகில் எழுந்து நின்று ஏறினால், வெயிலில் வரிசையில் நிற்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

கெடிலக்கரை (கடலூர்):

தம்பி, வெளிப்படையாகச் சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள். உடம்பு முழுதாகத் தேறும் வரை இந்த வேலையே வேண்டாம். நரம்பு சம்பந்தப்பட்ட நோய்க்குப் பிறகு ஓராண்டாவது அடக்கமாக இருப்பதே நல்லது. பிள்ளைகளுக்குச் சில்வர் பீச் இருக்கிறது, பிச்சாவரத்தில் படகு இருக்கிறது. தீம் பார்க்குக்கு மைத்துனரோடு அவர்களை மட்டும் அனுப்பிவிடுங்கள்.

புதுவை இயன்முறை (புதுச்சேரி):

பெரியவர் அக்கறையோடுதான் சொல்கிறார். ஆனால் முழுதாகத் தேறும் வரை என்று காத்திருந்தால் எதுவரை காத்திருப்பது என்ற கேள்வி வரும். இந்நோயில் நம் உடலின் எதிர்ப்பாற்றலே நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது. உறை மட்டும் சிதைந்திருந்தால் சில மாதங்களில் அது மீண்டும் உருவாகிவிடும். உள்ளிழையும் அறுந்திருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற வேகத்தில்தான் அது வளர்ந்து வரும். முதுகிலிருந்து மிகத் தொலைவில் இருப்பவை பாதங்களே என்பதால் கடைசியில் தேறுபவையும் அவையே. ஆறு மாதத்தில் நூற்றுக்கு 80 பேர் தாமாக நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள் என்றாலும், களைப்பு ஆண்டுக்கணக்கில் தங்குவதுண்டு. அத்தனை காலமும் வெளியே போகாமல் இருக்கச் சொல்வதில் மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ராட்டினம் சுற்றுவதால் இந்த நோய் திரும்ப வராது. திரும்ப வருவது நூற்றில் 2 முதல் 5 பேருக்குத்தான், அதற்கும் ஆட்டத்துக்கும் தொடர்பில்லை. வெளியே குடிக்கும் தண்ணீரிலும் சரியாக வேகாத கோழியிலும் கவனமாக இருப்பதுதான் பொருத்தமான எச்சரிக்கை. கேம்பிலோபாக்டர் என்னும் வயிற்றுக் கிருமி இந்நோயைத் தூண்டும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2025 தொடக்கத்தில் புனேயில் பலருக்கு இந்நோய் வந்தபோதும் அதுவே பேசப்பட்டது.

இனி ராட்டினத்துக்கு வருகிறேன். எதில் ஏறலாம் என்பதை நடையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இருக்கையில் அமர்ந்த பிறகு கால்களுக்கு வேலை குறைவு. கழுத்தும் நடு உடலும் கைப்பிடியும்தான் உங்களைத் தாங்குகின்றன. கொலம்பஸ் கப்பல் உச்சிக்குப் போய் இறங்கும்போது உடல் இருக்கையை விட்டு எழும்பப் பார்க்கும், அப்போது கம்பியைப் பிடித்து இடுப்பை அழுத்தி உட்கார வேண்டும். பிரேக் டான்ஸ் போன்றவற்றில் தலை எந்தப் பக்கம் வீசப்படும் என்று முன்கூட்டித் தெரியாததால், கழுத்துத் தசை சற்றுத் தாமதமாக வேலை செய்தாலும் சுளுக்கிக்கொள்ளலாம். ரோலர் கோஸ்டரை இந்த ஆண்டு மறந்துவிடுங்கள். டாஷிங் காரையும் பலர் சாதுவானது என்று நினைக்கிறார்கள். பின்னாலிருந்து எதிர்பாராமல் இடி வாங்குவது அதில்தான் என்பதால் நான் அதையும் அனுமதிக்க மாட்டேன்.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். சாய்மானம் இல்லாத ஸ்டூலில் கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு அமருங்கள். உங்கள் மனைவி தோளில் கைவைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும், நீங்கள் எதிர்பாராத கணத்தில், இலேசாகத் தள்ளட்டும். கையை ஊன்றாமல் நேராக நிமிர முடிகிறதா என்று பாருங்கள். அடுத்து, கைப்பிடி இல்லாத தாழ்வான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள். முதலாவது முடியாவிட்டால் ஆடும் எதிலும் ஏறக்கூடாது. இரண்டாவது மட்டும் முடியாவிட்டால், மெதுவாகச் செல்லும் பொம்மை ரயில், படகு போன்றவற்றில் ஒருவர் துணையோடு ஏறி இறங்கலாம். ஜெயன்ட் வீலில் சுற்றுவது உங்களுக்குத் தொல்லை தராது. பெட்டியை முழுதாக நிறுத்தி ஏற்றுவார்களா, நகரும்போதே கால் வைக்கச் சொல்வார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது வரிசையைத்தான். இந்நோய் இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் தன்னியக்க நரம்புகளையும் தொடுவதால், அசையாமல் நிற்கும்போது அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் வரலாம். நடந்துகொண்டே இருந்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். கம்பித் தடுப்புகளுக்கு இடையே நின்றுகொண்டே இருப்பவருக்கு அந்த உதவி இல்லை. போதாக்குறைக்கு, பலவீனமான தொடையைத் தாங்கிக்கொள்ள முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் தேறிவருபவர்கள் பலருக்கு உண்டு. அரை மணி நேரம் அப்படி நின்றால் மறுநாள் மூட்டு வீங்கலாம். ஆகவே சக்கர நாற்காலியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். வரிசையில் நிற்பவர்கள் நினைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்றுதான் நினைப்பார்கள்.

மே மாதம் மட்டும் வேண்டவே வேண்டாம். அக்கினி நட்சத்திரத்தில் சிமெண்டுத் தரையில் நாள் முழுவதும் இருப்பது நலமாக உள்ளவர்களுக்கே கடினம். உறை சரியாக மூடாத நரம்பில், உடல் வெப்பம் உயர்ந்தால், செய்தி கடத்துவது தடைபடக்கூடும். காலையில் நன்றாக நடந்தவர் பிற்பகலில் காலை இழுத்துக்கொண்டு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு தை, மாசியில் ஒரு வார நாளாகப் பார்த்துப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு நாள் விடுப்பு வாங்குங்கள். பள்ளியில் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

முத்தியால்பேட்டை அக்கா (புதுச்சேரி):

இயன்முறை ஐயா சொன்ன நாற்காலி விஷயத்துக்கு ஒரு சான்று தருகிறேன். எங்கள் ஊரில் பல குடும்பங்களைப் போல எங்களுக்கும் பாரிஸில் ஆள் உண்டு. என் தங்கை அங்கே குடியிருக்கிறாள். இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தேறிக்கொண்டிருந்த நிலையில் நான் அங்கே சென்றபோது, 1992-இல் திறந்த அந்த டிஸ்னிலாந்துக்குப் பிள்ளைகளோடு என்னையும் அழைத்துப் போனாள். ஆர்.இ.ஆர். ஏ என்னும் புறநகர் ரயில் பூங்கா வாசலுக்கு அருகிலேயே கொண்டுபோய் விடுகிறது. உள்ளே நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. மருத்துவரின் சான்றைக் காட்டிப் பதிவு செய்துகொண்டால் பல இடங்களில் வேறு வழியாக உள்ளே விடுகிறார்கள்.

அங்கே என் மனத்தில் பதிந்தது அவர்கள் கேட்ட கேள்வி. என்ன நோய், எப்போது வந்தது என்றெல்லாம் விசாரிக்கவில்லை. ராட்டினம் நடுவில் நின்றுவிட்டால் இறங்கி நடந்து வெளியேற முடியுமா, படிக்கட்டில் இறங்குவீர்களா, கூடப் பெரியவர் ஒருவர் வருகிறாரா என்றுதான் கேட்டார்கள். ஒரே நேரத்தில் இத்தனை நாற்காலிக்காரர்களைத்தான் உள்ளே விடலாம் என்று சில ராட்டினங்களில் வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான். தீப்பிடித்தாலோ மின்சாரம் போனாலோ எல்லோரையும் வெளியேற்ற வேண்டும் அல்லவா. நம் ஊரில் யாரும் இப்படிக் கேட்கமாட்டார்கள் என்பதால், அந்தக் கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். திருவந்திபுரத்தில் ஹயக்ரீவர் மலைக்குப் போகும் 74 படிகளைக் கைப்பிடியைப் பிடித்து நின்று நின்றாவது இறங்க முடிந்தால், நின்றுபோன ராட்டினத்திலிருந்தும் இறங்கிவிடலாம். முடியாது என்றால் தரையை விட்டு உயரும் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயும் நான் நாற்காலியிலிருந்து எழுந்தபோது ஒரு அம்மாள் முறைத்துப் பார்த்தார். தங்கை பதிலுக்கு முறைத்தாள். அதோடு முடிந்தது.

மஞ்சக்குப்பத்தார்:

இத்தனை விரிவாக எழுதிய இருவருக்கும் நன்றி. ஸ்டூல் சோதனையை நேற்று இரவே செய்து பார்த்தோம். முன்னும் பின்னும் தள்ளியபோது நிமிர்ந்துகொண்டேன், இடப்பக்கம் தள்ளியபோது கையூன்ற வேண்டியதாயிற்று. மே மாதத்தைக் கைவிட்டதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். மகள் மட்டும் இரண்டு நாள் பேசாமல் இருப்பாள் என்று நினைக்கிறேன். இங்கே ஒரு பூங்காவில் தொலைபேசியில் விசாரித்தபோது, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் வேறு வழியாக விடுவோம் என்றார்கள். என்னுடையது தேறிவரும் நோய். அட்டைக்கு விண்ணப்பிக்கவே எனக்கு உரிமை உண்டா?

நெய்வேலி வாசகர்:

உண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் தரப்படும் சான்றிதழ் நிரந்தரமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிலை மாறக்கூடும் என்று மருத்துவர் கருதினால், இத்தனை காலம் வரை செல்லும் என்று குறிப்பிட்டுத் தற்காலிகச் சான்றிதழ் வழங்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான யு.டி.ஐ.டி. இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு அரசு தலைமை மருத்துவமனையில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியையும் நரம்புக் கடத்தல் பரிசோதனை அறிக்கையையும் கையில் வைத்திருங்கள். அரசுச் சலுகைகள் பலவற்றுக்கு 40 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால், தேறிவரும் ஒருவருக்கு அது கிடைக்குமா என்பது பரிசோதனையைப் பொறுத்தது.

ஆனால் சாய்தளமும் கைப்பிடியும் கழிப்பறையும் அட்டையைப் பார்த்துத் தர வேண்டியவை அல்ல. பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களும், பொழுதுபோக்குக்கானவை உட்பட, அந்தச் சட்டத்தின்படி பொதுக் கட்டடங்களே. இருக்கும் கட்டடங்களை ஐந்தாண்டுகளுக்குள் தடையற்றவையாக மாற்ற வேண்டும் என்ற கெடு, 2017-இல் விதிகள் வந்ததிலிருந்து கணக்கிட்டால், எப்போதோ முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை வெறும் பரிந்துரையாக வைக்கக்கூடாது, கட்டாய விதிகளாக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வாசலில் நின்று சட்டம் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைகளின் நாள் வீணாகும். முன்கூட்டியே பூங்கா மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பி, மருத்துவர் கடிதத்தை இணைத்து, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கவுண்டரில் வாயால் சொல்வதைவிட அந்தப் பதில் அதிகம் வேலை செய்யும்.

வில்லியனூர் மருமகள்:

என் கணவருக்கும் இதே நோய் வந்து தேறியது. நாங்களும் அந்தப் பக்கம் போய் வந்தோம். எனவே நடைமுறையில் வருவதை மட்டும் சொல்கிறேன்.

காலையில் போய் இரவில் திரும்பும் திட்டத்தை உங்கள் மைத்துனர் கைவிட வேண்டும். கடலூரிலிருந்து ஈ.சி.ஆர். வழியே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்து போய்ச் சேரும்போது பாதி பலம் காரிலேயே போயிருக்கும். முதல் நாள் மாலையே மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்குங்கள். கீழ்த்தள அறையா, வெஸ்டர்ன் டாய்லெட்டா, குளியலறை வாசலில் படி இருக்கிறதா என்று கேட்டு, முடிந்தால் படம் அனுப்பச் சொல்லுங்கள். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள், அந்த லிஃப்டுக்குப் போக நான்கு படி இருக்கும்.

நாற்காலியைப் பூங்காவில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். சர்ஜிகல் கடைகளில் மடக்கு நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். கால் வைக்கும் தட்டு கழன்று வருகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று கடையிலேயே உட்கார்ந்து பாருங்கள். பின்சக்கரம் பெரியதாக இருந்தால் செங்கல் பதித்த பாதையில் தள்ளுவது எளிது. தடுப்புக் கம்பிகள் வளைந்து வளைந்து போகும் வரிசைகளில் நாற்காலி திரும்பாது. அங்கே வாதாடாமல், இறங்கி வருபவர்கள் வெளியேறும் வழியில் போய் நின்று ஊழியரிடம் கேட்டால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தூக்கி உட்கார வைக்க அவர்களை விடாதீர்கள். உதவி செய்யும் ஆர்வத்தில் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறார்கள், தோள் போய்விடும். உங்களை எழுப்பி உட்கார வைக்கும் சரியான முறையை மைத்துனருக்கு வீட்டிலேயே பழக்கிவிடுங்கள்.

காலையில் முதல் இரண்டு மணி நேரம் என் கணவர் எங்களோடு சுற்றினார். பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே பைகளோடு அமர்ந்துகொண்டார். பிள்ளைகள் ஒவ்வொரு ராட்டினமாக ஏறிவிட்டு வந்து அவரிடம் கதை சொல்லிவிட்டுப் போனார்கள். மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு முறை எழுந்து வந்தார். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

பூங்காக்களில் வெளி உணவை விடுவதில்லை. மருத்துவர் கடிதத்தில் காய்ச்சிய நீர், வீட்டு உணவு என்று ஒரு வரி சேர்த்து எழுதி வாங்கினால் வாசலில் பையைப் பிரிக்கும்போது பேச்சு குறையும்.

மஞ்சக்குப்பத்தார்:

அம்மா, மிக்க நன்றி. அறையை மைத்துனரே பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். கடைசியாக ஒன்று: தண்ணீரில் இறங்குவதைப் பற்றி இயன்முறை ஐயா எதுவும் சொல்லவில்லை. மகளுக்கு அதுதான் பிரதானம். ஸ்பிளிண்ட்டோடு இறங்கலாமா?

புதுவை இயன்முறை:

ஸ்பிளிண்ட்டோடு இறங்கக்கூடாது, ஐயா. பிளாஸ்டிக் நனைந்தால் கெடாது என்றாலும், உள்ளே ஒட்டிய பஞ்சும் வார்ப்பட்டையும் ஊறித் தோலை உரசிப் புண்ணாக்கும். வழவழப்பான தரையில் அதன் அடிப்பாகம் சறுக்கவும் செய்யும். அது இல்லாமல் நடந்தால் பாதத்தின் முனை தரையைத் தட்டும். அதனால் உடை மாற்றும் அறையிலிருந்து தண்ணீரின் விளிம்பு வரை நாற்காலியில் வந்து, அங்கே அமர்ந்து, காலை உள்ளே இறக்குங்கள். நைலான் உடை கட்டாயம் என்பார்கள். முழங்கால் வரை நீண்டதாக வாங்கினால் காலின் மெலிவை யாரும் கவனிக்கமாட்டார்கள், உங்களுக்கும் கூச்சம் இராது.

இடுப்பளவுத் தண்ணீர் உங்களுக்கு நண்பன்தான். உடல் எடையில் பாதியை அது தாங்கிக்கொள்வதால், தரையில் வராத நடை அங்கே வரும். அலை இல்லாத, ஆழம் குறைந்த குளத்தில் கைப்பிடிச் சுவரை ஒட்டி மகளோடு நடக்கலாம். மிதவையில் மெல்ல மிதந்து செல்லும் கால்வாய் இருந்தால், மிதவையில் ஏறவும் இறங்கவும் மைத்துனர் பிடித்துக்கொள்ளட்டும். அலைக்குளம் வேண்டாம், இழுத்துச் செல்லும் நீரில் பாதத்தை ஊன்றிச் சமன்செய்ய உங்களால் இப்போது இயலாது. சறுக்குகளும் வேண்டாம், மேலே ஏறும் படிக்கட்டு ஒன்றே போதும் உங்களைக் களைப்படையச் செய்ய. குளத்து நீர் வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளங்காலில் சூடு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் கிடந்த கருங்கல்லிலும் இரும்புப் படியிலும் வெறுங்காலை வைத்தால், கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ரப்பர் அடியுள்ள, குதிகாலை மூடும் தண்ணீர்க் காலணியை வாங்கி வீட்டிலேயே சில நாட்கள் அணிந்து பழகுங்கள். ஹவாய் செருப்பு பாதம் தூக்க வராதவர்களுக்கு ஆகாது.

போவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஒரு மாலை ஆறு மணிக்கு மேல், வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டிருக்கும் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்குக் குடும்பத்தோடு வாருங்கள். நாற்காலியையும் கொண்டுவந்து, காந்தி சிலை அருகிலிருந்து பாதி தூரம் நடந்தும் பாதி தூரம் அமர்ந்தும் போய்ப் பாருங்கள். அன்று எப்படி இருந்தீர்கள் என்பதைவிட, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வழக்கமான வேலைகளைச் செய்ய முடிந்ததா என்பதைக் கவனித்து எனக்கு எழுதுங்கள். இரண்டு நாளும் படுக்கையில் கழிந்தால் பூங்காவில் நாற்காலி நேரத்தைக் கூட்ட வேண்டும். பூங்காவிலிருந்து திரும்பிய இரவு, ஸ்பிளிண்ட்டைக் கழற்றியதும் உங்கள் மனைவி நல்ல வெளிச்சத்தில் குதிகாலையும் கணுக்கால் எலும்பையும் விரல் இடுக்குகளையும் பார்க்கட்டும். வார் அழுத்திய சிவப்பு அரை மணி நேரத்துக்குள் மறையாவிட்டால், மறுபடி மாட்டாமல், அதைச் செய்து கொடுத்தவரிடமே காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.